பதினாறாவது வளைவு: விஸ்லர் பனித்தடத்தில் 2010இல் என்ன நடந்தது

2010 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா அன்று மாலை நடக்க இருந்தது. காலையில், நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் விஸ்லர் பனித்தடத்தில் ஆண்கள் லூஜ் என்ற சறுக்குவண்டிப் போட்டிக்கான பயிற்சி. ஜார்ஜியாவைச் சேர்ந்த நோடார் குமாரிதாஷ்விலி என்ற 21 வயது இளைஞர் தன் வண்டியில் மல்லாந்து படுத்துக் கீழே இறங்கினார். கடைசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, எதிர்ப்பக்கச் சுவரைத் தாண்டிப் போய் ஓர் இரும்புத் தூணில் மோதினார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு 143.6 கி.மீ. மருத்துவர்களால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்றே பன்னாட்டு லூஜ் சம்மேளனமும் போட்டி அமைப்பாளர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். 15ஆவது வளைவிலிருந்து தாமதமாக வெளியே வந்தார், 16இல் நுழையும்போது அதைச் சரிக்கட்டவில்லை, தடத்தில் குறை இருந்ததாக எந்த அறிகுறியும் இல்லை என்பது அதன் சாரம். அதைப் படித்தவர்கள் பலர் 'சரி, வீரரின் தவறு' என்று கடந்து போய்விட்டார்கள்.

எனக்கு அங்கே கடந்து போக முடியவில்லை. அவர் தவறு செய்தது உண்மை, வீடியோவில் தெரிகிறது. ஆனால் லூஜ் ஓட்டுபவர்கள் எல்லோரும் தவறு செய்கிறார்கள், உலக சாம்பியன்கள் உட்பட. அதே நாள், அதே தடத்தில், இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற இத்தாலியின் அர்மின் ட்சோகெலரும் வேறொரு வளைவில் வண்டியை விட்டுக் கீழே விழுந்தார். எழுந்து நடந்து போனார், இரண்டு நாள் கழித்துப் பதக்கமும் வாங்கினார். ஒருவருடைய தவறு சிராய்ப்போடு முடிகிறது, இன்னொருவருடையது உயிரை எடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும், அப்புறம் விதிகளை, அப்புறம் வேகத்தை, கடைசியாகத் தடத்தை.

வண்டி

பனித்தடத்தில் ஓடும் போட்டிகள் மூன்று. பாப்ஸ்லெட்டில் ஒருவரோ இரண்டு பேரோ நான்கு பேரோ கூடு போன்ற வண்டிக்குள் உட்கார்ந்து போவார்கள், அதற்குத் திருப்பும் கயிறும் பிரேக்கும் உண்டு. ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்து, தலை முன்னால் போகும். லூஜில் மல்லாந்து படுத்து, கால் முன்னால் போகும். மூன்றிலும் வேகத்துக்கும் நுணுக்கத்துக்கும் பெயர் போனது லூஜ். போட்டி நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடி வரை அளக்கிறார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக் பெண்கள் போட்டியில் நான்கு ஓட்டங்களின் மொத்த நேரத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது 0.002 விநாடி, கண் சிமிட்டும் நேரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது.

லூஜ் வண்டி பார்க்க எளிமையானது. அடியில் இரண்டு வளைந்த சட்டங்கள், இவற்றுக்கு ஜெர்மன் மொழியில் குஃபன் என்று பெயர், உலகம் முழுக்க அதே பெயர்தான் வழங்குகிறது. ஒவ்வொரு குஃபனின் அடியிலும் பனியைத் தொடும் எஃகுப் பட்டை. இரண்டு குஃபன்களையும் இணைக்க முன்னும் பின்னும் இரண்டு பாலங்கள். மேலே முதுகு படியும்படி வார்த்த ஃபைபர் கிளாஸ் தொட்டில். ஒற்றையர் வண்டியின் எடை இருபத்துச் சொச்சம் கிலோ. பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, உடம்பைக் கட்டிவைக்கும் பெல்ட்டும் கிடையாது.

திருப்புவது கெண்டைக்காலால்தான். வளைந்த குஃபன்களின் நுனி இரண்டு கெண்டைக்கால்களுக்கும் பக்கத்தில் வந்து நிற்கும். வலது காலால் வலது குஃபனை உள்ளே அழுத்தினால் வண்டி இடப்பக்கம் போகும். அதோடு எதிர்த் தோளைத் தொட்டிலில் அழுத்த வேண்டும், உள்ளே இருக்கும் கைப்பிடிகளையும் கொஞ்சம் இழுக்க வேண்டும். எல்லாம் மிக மிகச் சிறிய அசைவுகள், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் தூங்குவது போலத் தெரியும். தலையைத் தூக்கிப் பார்த்தால் காற்று தடுத்து வேகம் குறையும், அதனால் நல்ல வீரர்கள் தலையைப் பின்னால் தள்ளி, தடத்தைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே ஓட்டுகிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறுத்துவதற்கு ஒரே வழி, எழுந்து உட்கார்ந்து, கால்களைப் பனியில் ஊன்றி, குஃபன்களின் முன்பக்கத்தைக் கையால் மேலே இழுப்பது. முடிவுக்கோட்டுக்கு அப்புறம் தடம் மேல்நோக்கி ஏறும், அந்த ஏற்றத்தில்தான் இதைச் செய்ய முடியும். நடு ஓட்டத்தில், ஒரு பெரிய வளைவின் சுவரில் உடல் எடையைப் போல நான்கு ஐந்து மடங்கு விசை மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது, எழுந்து உட்காருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

விதி

லூஜ் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். அதில் பெரும்பகுதி, ஒருவருக்கு இன்னொருவரைவிட நியாயமில்லாத ஆதாயம் கிடைக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. எஃகுப் பட்டையின் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். சூடான எஃகு பனியில் வேகமாக வழுக்கும். அதனால் தொடக்க இடத்தில் வெளியே தொங்கவிட்டிருக்கும் ஒரு மாதிரி எஃகோடு ஒப்பிட்டு, 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருந்தால் வீரரை நீக்கிவிடுவார்கள். 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் முன்னணியில் இருந்த கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் பட்டைகளைச் சூடாக்கினார்கள் என்று நீக்கப்பட்டது இந்த விளையாட்டின் பெரிய சர்ச்சைகளில் ஒன்று.

எடை விதியும் அப்படித்தான். கனமானவர் வேகமாக இறங்குவார், காற்றின் தடையை வெல்ல எடை உதவும். ஆகவே மெலிந்தவர்கள் ஈயம் வைத்த உள்சட்டை அணியலாம். ஆண்களுக்கு 90 கிலோவை அடிப்படையாக வைத்து, அதற்கு எவ்வளவு குறைகிறதோ அதில் முக்கால் பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கும் 13 கிலோ என்று ஓர் உச்சவரம்பு. 75 கிலோ எடையுள்ளவர் என்றால் குறைவது 15, அதில் முக்கால் பங்கு 11 கிலோ 250 கிராம். தொடக்கத்தில் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆடி உந்தியதும், பனியைக் கையால் துழாவி வேகம் கூட்டுவார்கள், அதற்காகக் கையுறை விரல்நுனியில் இருக்கும் முட்களின் நீளத்துக்குக்கூட மில்லிமீட்டர் கணக்கில் வரம்பு உண்டு.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள், ஒரு தடத்தில் வண்டி இத்தனை கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் அந்தத் தடத்தில் போட்டி நடத்தக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்று தோன்றுகிறது. 2010க்கு முன் வேகம் என்பது வடிவமைப்பாளரின் கணக்கில் இருந்த ஓர் எண். அந்தக் கணக்கு பிழைத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரும் உறுதியான பதில் வைத்திருக்கவில்லை.

வேகம்

விஸ்லர் தடம் பிளாக்கோம்ப் மலைச் சரிவில் இருக்கிறது. 2005இல் வேலை தொடங்கி 2007 இறுதியில் முடித்தார்கள், செலவு 10 கோடி கனடிய டாலருக்கு மேல். 16 வளைவுகள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் 152 மீட்டர், உலகில் வேறு எந்தத் தடத்திலும் இவ்வளவு இறக்கம் கிடையாது. கான்கிரீட் தொட்டிக்குள் அம்மோனியா ஓடும் குழாய்கள், அதன்மேல் சில சென்டிமீட்டர் பனி. வடிவமைத்தவர் ஜெர்மனியின் உடோ குர்கல், பல ஒலிம்பிக் தடங்களைக் கட்டிய அனுபவசாலி.

152 மீட்டர் என்றால் என்ன? உராய்வும் காற்றும் இல்லாத உலகில், வெறும் புவியீர்ப்பில் அந்த உயரத்திலிருந்து இறங்கும் ஒரு பொருள் அடியில் மணிக்குச் சுமார் 196 கி.மீ. வேகத்தில் இருக்கும், இது பள்ளிக்கூட இயற்பியல்தான். அந்த வேகத்தில் எவ்வளவைப் பனியும் காற்றும் சுவர்களும் தின்னும் என்பதைத்தான் வடிவமைப்பாளர் கணிக்க வேண்டும். விஸ்லரில் உச்ச வேகம் சுமார் 137 கி.மீ. இருக்கும் என்று கணித்தார்கள். 2009 பிப்ரவரியில் அங்கே உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோது ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக் தொட்ட வேகம் கிட்டத்தட்ட 154.

137க்கும் 154க்கும் 17தானே வித்தியாசம், எட்டில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் சுவரில் மோதினால் உடம்பு வாங்கும் ஆற்றலும், வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசையும் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 154ஐ 137ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள், 26 சதவீதம் அதிகம் வரும். ஒவ்வொரு வளைவின் சாய்வும், ஒவ்வொரு சுவரின் உயரமும் முதல் எண்ணை மனதில் வைத்து வரையப்பட்டவை. வண்டிகளோ இரண்டாவது எண்ணில் ஓடின.

இன்னொரு விதமாகச் சொன்னால், அன்று நோடார் போன 143.6 கி.மீ. என்பது விநாடிக்கு 40 மீட்டர். ஒரு வளைவில் பத்தில் ஒரு விநாடி தாமதமாக நுழைந்தால் 4 மீட்டர் தள்ளி நுழைகிறீர்கள், ஒரு காரின் நீளம்.

எச்சரிக்கை

அந்த உலகக் கோப்பைப் போட்டி முடிந்த அடுத்த மாதமே, 2009 மார்ச்சில், லூஜ் சம்மேளனத்தின் தலைவர் ஜோசப் ஃபெண்ட் ஒரு கடிதம் எழுதினார். அவரே 1976 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர், வேகம் என்றால் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விஸ்லரில் பதிவான வேகம் கணிப்பை வெகுவாகத் தாண்டிவிட்டது, இது தனக்குக் கவலை அளிக்கிறது என்று எழுதினார். ஆனால் அந்தக் கடிதம் போனது ரஷ்யாவுக்கு, 2014 ஒலிம்பிக்குக்காக சோச்சியில் தடம் கட்டவிருந்தவர்களுக்கு. அடுத்த தடத்தில் வேகத்தைக் குறையுங்கள் என்று கேட்பதற்காக. விஸ்லர் அமைப்பாளர்களுக்கு அதன் நகல் கிடைத்தது.

வான்கூவர் ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைமை அதிகாரி ஜான் ஃபர்லாங் அந்த நகலைப் படித்துவிட்டுத் தன் சக அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். தடம் மிக வேகமானது, யாருக்காவது பலத்த காயம் ஏற்படலாம் என்ற எச்சரிக்கை இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது, அப்படி ஏதாவது நடந்தால் எச்சரித்தும் நாம் ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு சொல்லக்கூடும் என்ற பொருளில் எழுதியிருந்தார். இந்த மின்னஞ்சல் 2011 தொடக்கத்தில் கனடிய ஊடகங்கள் வழியாக வெளியே வந்தது. சம்மேளனம் தடத்துக்கு முறைப்படி ஒப்புதல் கொடுத்துவிட்டது, எந்த மாற்றமும் கேட்கவில்லை என்பது அமைப்பாளர்கள் தரப்பு விளக்கம். உண்மைதான், கேட்கவில்லை.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். 11 மாதம் இருந்தது. ஆபத்தைக் கண்டுபிடித்தவர் அதை அடுத்த தடத்துக்கான பாடமாக எழுதினார். ஆபத்தைப் படித்தவர் அதைத் தன் நிறுவனத்துக்கு வரப்போகும் பழியாகப் புரிந்துகொண்டார். அந்த வளைவில் நேரில் போய் நின்று, இங்கே ஒருவர் விழுந்தால் எங்கே போய் மோதுவார் என்று பார்க்கச் சொன்ன தடயம் இந்தக் காகிதங்களில் இல்லை.

பழகும் உரிமை

மேலே சொன்னேன், லூஜ் நினைவிலிருந்து ஓட்டும் விளையாட்டு. அப்படியானால் ஒரு தடத்தில் எத்தனை முறை இறங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் உங்களுடைய உண்மையான பாதுகாப்பு. கனடா அந்த ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடிக்க வேண்டும் என்று 11 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி ஒரு திட்டமே நடத்தியது. அதன் ஒரு பகுதியாகத் தங்கள் வீரர்களுக்கு விஸ்லர் தடத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் கொடுத்தார்கள். வெளிநாட்டவர்களுக்கு விதிப்படி தர வேண்டிய பயிற்சி நாட்கள் கிடைத்தன. போட்டி நடத்தும் நாடு சொந்தத் தடத்தின் ஆதாயத்தை எடுத்துக்கொள்வது இந்த விளையாட்டில் வழக்கம்தான், கனடா புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் மற்ற தடங்களில் அந்த ஆதாயம் சில நூறில் ஒரு விநாடி. உலகின் மிக வேகமான தடத்தில் அது உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது.

நோடார் அங்கே மொத்தமாக இறங்கியது இருபத்தைந்து, இருபத்தாறு முறை, அதிலும் எல்லாம் மேல் தொடக்கத்திலிருந்து இல்லை. அந்தப் பருவத்தில் உலகக் கோப்பைத் தரவரிசையில் அவர் 44ஆம் இடம். இதைச் சொல்லி, தகுதியில்லாதவர் என்று சிலர் எழுதினார்கள். அது நியாயமே இல்லை. ஒலிம்பிக் தகுதி விதிகளின்படி, புள்ளிகள் பெற்றுத்தான் அவர் வந்தார். பாகுரியானி என்ற ஜார்ஜிய மலை ஊரிலிருந்து வந்தவர், தந்தை டேவிட் சோவியத் காலத்தில் லூஜ் வீரர், மாமன்களும் சித்தப்பன்களும் இதே விளையாட்டில் ஊறிய குடும்பம். அந்த வளைவைப் பற்றித் தனக்குப் பயமாக இருக்கிறது என்று மகன் சொன்னதாக அந்தத் தந்தை பின்னர் செய்தியாளர்களிடம் கூறினார்.

அதே போட்டியில் நம் நாட்டின் சிவ கேசவனும் இருந்தார், மணாலிக்காரர், தந்தை கேரளத்தவர். அது அவருடைய நான்காவது ஒலிம்பிக். இந்தியாவில் செயற்கைப் பனித்தடமே இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரியும் ஆட்டு மந்தையும் போகும் இமயமலைச் சாலைகளில் பயிற்சி எடுத்தவர். சின்ன நாடுகளின் வீரர்கள் பணத்தைத் திரட்டி, பயணச்சீட்டு வாங்கி, வந்து இறங்கிக் கிடைக்கும் சில ஓட்டங்களில் ஒரு தடத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். நோடார் அந்த வரிசையில் ஒருவர்.

பயிற்சி நாட்களிலேயே அறிகுறிகள் தெரிந்தன. முதல் நாள் ருமேனிய வீராங்கனை ஒருவர் விழுந்து நினைவிழந்து மருத்துவமனைக்குப் போனார். எங்களை மோதல் சோதனைப் பொம்மைகள் போலத் தடத்தில் தள்ளிவிடுகிறார்களா என்று ஆஸ்திரேலியாவின் ஹன்னா கேம்ப்பெல்-பெக், நோடார் இறப்பதற்கு முந்தைய நாளே கேட்டார். இங்கே 13ஆவது வளைவுக்கு '50-50' என்று பெயர், கடந்து போவதற்கும் கவிழ்வதற்கும் சம வாய்ப்பு என்று அமெரிக்க பாப்ஸ்லெட் வீரர்கள் வைத்த பெயர் அது.

அந்தச் சில விநாடிகள்

விஸ்லரின் கடைசி வளைவான 16க்கு 'தண்டர்பேர்ட்' என்று பெயர். நீளமான வளைவு. இப்படிப்பட்ட வளைவில் வண்டி ஒரே உயரத்தில் போகாது. சுவரில் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், அலை மாதிரி. எந்த இடத்தில் நுழைகிறோம் என்பதை வைத்துத்தான் அந்த அலை எந்த இடத்தில் முடியும் என்பது அமைகிறது. சரியான இடத்தில் நுழைந்தால், இறங்கும் அலையின் அடியில் நேர்க்கோட்டுப் பாதையில் மெதுவாக இறக்கிவிடும்.

நோடார் 15இலிருந்து தாமதமாக வெளியே வந்தார். ஆகவே 16இல் தாமதமாக நுழைந்தார். அலை முழுவதும் இடம் மாறியது. வளைவின் முடிவில் சுவரிலிருந்து சீக்கிரமே, செங்குத்தாகக் கீழே இறங்கிவிட்டார். நேராகப் போய் உள்பக்கச் சுவரில் மோதினார். அங்கே வண்டியின் வேகம் ஒரு கணத்தில் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் திரும்பியது. கவண் எறிந்தது போல அவரைத் தூக்கி எதிர்ப்பக்கம் வீசியது என்று சம்மேளனத்தின் பின்னாளைய அறிக்கை விவரிக்கிறது. எதிர்ப்பக்கச் சுவர் அந்த இடத்தில் தாழ்வாக இருந்தது, ஏனென்றால் அது வளைவு முடிந்ததும் வரும் நேர்ப்பகுதி, அங்கே யாரும் ஏறிப் போவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதற்கு ஓர் அடி இரண்டடி தள்ளி, கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் வரிசையாக நின்றன. தூண்களுக்கு மெத்தை சுற்றவில்லை. வண்டி தடத்திலேயே கிடந்தது. முடிவுக்கோடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

தவறு நடந்தது 15க்கும் 16க்கும் நடுவில். உயிர் போனது சுவரின் உயரத்தாலும் தூணாலும். லூஜ் தெரிந்த பல பேர் அன்று சொன்னது இதுதான்: ஒருவர் விழலாம், ஆனால் தடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது தடம் கட்டியவர்களின் வேலை. ஜார்ஜியாவின் அப்போதைய அதிபர் மிகைல் சாகாஷ்விலியும், விளையாட்டில் செய்யும் எந்தத் தவறும் மரணத்தில் முடியக் கூடாது என்றுதான் கேட்டார்.

ஒரே இரவில்

அன்று மாலை தொடக்க விழா நடந்தது. ஜார்ஜிய அணி கறுப்புப் பட்டை அணிந்து நடந்தது, அரங்கமே எழுந்து நின்றது. அணியின் இன்னொரு லூஜ் வீரர் போட்டியிலிருந்து விலகினார். அதே இரவில் விஸ்லரில் தச்சர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 16ஆவது வளைவின் வெளிவாயில் சுவரை மரப்பலகை வைத்து உயர்த்தினார்கள். தூண்களுக்கு மெத்தை சுற்றினார்கள். பனியின் வடிவத்தை மாற்றினார்கள். மறுநாள் பயிற்சி தொடர்ந்தது.

இன்னொரு பெரிய முடிவும் எடுத்தார்கள். முடிவுக்கோட்டிலிருந்து தடத்தின் வழியே 1,374 மீட்டரில் இருந்த ஆண்கள் தொடக்கத்தை மூடிவிட்டு, தடத்தில் 176 மீட்டர் கீழே இருந்த பெண்கள் தொடக்கத்திலிருந்து ஆண்களை அனுப்பினார்கள். பெண்களையும் இரட்டையரையும் அதற்கும் கீழே, 953 மீட்டரில் இருந்த இளையோர் தொடக்கத்துக்கு இறக்கினார்கள். தொடக்கத்தைக் கீழே கொண்டுபோனால் வேகம் குறைகிறது, இதைவிட எளிமையான பாதுகாப்பு நடவடிக்கை இந்த விளையாட்டில் கிடையாது. பணம் தேவையில்லை, கட்டுமானம் தேவையில்லை. அந்தத் தொடக்க இடங்கள் ஏற்கெனவே தடத்தில் இருந்தன.

இந்த மாற்றங்களைச் சம்மேளனம் முன்னெச்சரிக்கை என்றுதான் சொன்னது, வீரர்களின் மனநிலையைக் கருதியும் செய்தோம் என்றது. தடத்தில் குறை இல்லை என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை. ஆனால் ஒரே இரவில் பலகையும் மெத்தையும் வைத்துச் செய்ய முடிந்த வேலையை முந்தைய 11 மாதத்தில் ஏன் செய்யவில்லை என்று எந்தப் பெற்றோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் இன்றுவரை நான் படித்ததில்லை.

போட்டியில் ஃபெலிக்ஸ் லோக் நான்கு ஓட்டங்களையும் சேர்த்து 3 நிமிடம் 13.085 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார், 20 வயதில். டேவிட் மோல்லருக்கு வெள்ளி, விழுந்து எழுந்த ட்சோகெலருக்கு வெண்கலம். கேசவன் 29ஆவது. கீழ்த் தொடக்கத்திலிருந்து நடத்தியதால் போட்டியின் தரம் குறைந்ததா என்றால், மேலே வந்தவர்கள் யார் என்று பாருங்கள், உலகின் தலைசிறந்த மூன்று பேர்தான். கனடாவுக்கு அந்த ஒலிம்பிக்கில் லூஜில் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை.

விசாரணை சொன்னது

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மரண விசாரணை அதிகாரி தன் அறிக்கையை 2010 அக்டோபரில் வெளியிட்டார். விபத்து மரணம் என்று வகைப்படுத்தினார், யாரையும் குற்றவாளியாக்குவது அந்த விசாரணையின் வேலை இல்லை. ஆனால் காரணங்களை அவர் ஒரு மனிதரின் மேல் மட்டும் போடவில்லை. அதிக வேகம், தடத்தின் கடினம், அந்தத் தடத்தில் வீரருக்கு இருந்த பழக்கக் குறைவு, மூன்றையும் சேர்த்தே சொன்னார். ஒலிம்பிக்குக்கு முன்பு எல்லா வீரர்களுக்கும் கட்டாயப் பயிற்சி ஓட்டங்களைக் கூட்ட வேண்டும், விஸ்லரின் பாதுகாப்பைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

நான் இதைப் படித்தபோது பழகும் உரிமை பற்றிய வரியில்தான் அதிக நேரம் நின்றேன். சுவரை உயர்த்துவது சுலபம், ஒரு தச்சர் செய்துவிடுவார். தன் தடத்தை எதிராளிக்குத் திறந்துவிடுவது போட்டி நடத்தும் நாட்டின் மனசைப் பொறுத்தது.

சோச்சித் தடம் நன்றாகவே மாறியது. உச்ச வேகம் சுமார் 135 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று வடிவமைத்தார்கள், நடுவில் மூன்று இடங்களில் தடத்தை மேல்நோக்கி ஏற்றி வேகத்தை உறிஞ்சினார்கள். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை, 1998இல் நாகானோவின் 'ஸ்பைரல்' தடத்தில் ஏற்கெனவே இரண்டு ஏற்றங்கள் இருந்தன. விஸ்லரில் வேலை தொடங்குவதற்கு ஏழு வருடம் முன்பே தெரிந்த வித்தைதான். ஃபெண்ட் எழுதிய அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ, அவர்களிடம் வேலை செய்தது.

நோடாரை 2010 பிப்ரவரி 20 அன்று பாகுரியானியில் அடக்கம் செய்தார்கள். அவருடைய உறவுச் சகோதரர் சபா குமாரிதாஷ்விலி, அண்ணன் இறந்தபோது சிறுவன், வளர்ந்து, அவரைப் போலவே லூஜ் வண்டியில் படுத்து 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜார்ஜியாவுக்காக யான்ச்சிங் தடத்தில் இறங்கினார். அந்தப் போட்டியில் அவர் ஒவ்வொரு முறை முடிவுக்கோட்டைத் தாண்டி ஏற்றத்தில் எழுந்து உட்கார்ந்தபோதும், பாகுரியானியில் யாரோ மூச்சு விட்டிருப்பார்கள்.